வளையல் போட்ட வலது கை

நான் நடித்தது ஒரே ஒரு விளம்பரம். அதில் எனக்குக் கிடைத்த வசனம் ஒற்றை வரி. அதையும் என்னால் உருப்படியாகச் சொல்ல முடியவில்லை. எனக்குப் படிப்பு ஏறாது என்று வாத்தியார்கள் கண்டுபிடிக்கப் பல வருடம் பிடித்தது. அந்த டைரக்டர் அரை நாளில் கண்டுபிடித்துவிட்டார்.

லிட்டில் இந்தியாவில் மாவுக்கடை வைத்திருந்த ஒரு முதலாளியிடம்தான் அப்பா தீபாவளிக்கு அரிசி மாவு வாங்குவார். சுட்ட கைமுறுக்கில் ஒரு டப்பா அவருக்கும் போகும். அந்த வருடம் முதலாளிக்கு டிவியில் விளம்பரம் போடும் ஆசை வந்துவிட்டது.

“நடிகருங்க வேணாம் லா. இந்த முறுக்கைச் சுட்ட குடும்பத்தையே காட்டுவோம். உங்க வீட்டுக்காரம்மா கை சும்மாவா?” என்றாராம். அப்பா வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளுக்கு மாவு நிறுக்கப் போய்விட்டாராம்.

இதைக் கேட்டு அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவுக்கு வேலை சாங்கி விமான நிலையத்தின் சரக்குக் கிடங்கில். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். பெரிய பெட்டியை இரண்டு பெட்டிகளுக்கு நடுவே உரசாமல் சொருகுவார். ஆனால் அவர் சுட்ட தோசையை நாங்கள் மரியாதைக்காகத்தான் சாப்பிடுவோம். வீட்டில் அடுப்பு அப்பாவுடையது. ஜாலான் புசாரில் ஆணி, குழாய் விற்கும் கடையில் அவருக்கு வேலை. சாயங்காலம் வந்ததும் கை கழுவிவிட்டு நேரே சமையலறைதான். எங்கள் பிடோக் வீட்டுச் சமையலறை ஜன்னல் காரிடாரைப் பார்த்தபடி இருக்கும். அதை விரியத் திறந்து வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம், “உப்பு சரியா இருக்கா, சாப்ட்டுப் பாருங்க,” என்று முறுக்கை நீட்டுவார். எங்கள் வீட்டில் யாருக்கும் இது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை.

நான் டிவியில் வரப்போகிறேன் என்று எங்கள் அடுக்குமாடி புளோக் முழுக்கச் சொல்லிவிட்டேன். லிஃப்டில் ஏறிய தபால்காரரிடம் கூடச் சொன்னேன். அதனால் படப்பிடிப்பு நாளில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எங்கள் வீட்டுச் சோபாவை இழுத்துப் போட்டார்கள், விளக்கு வைத்தார்கள், மின்விசிறியை நிறுத்தினார்கள். எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. அம்மாவுக்குப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. அப்பாவை சோபாவில் உட்காரவைத்துக் கையில் செய்தித்தாளைக் கொடுத்தார்கள். அவர் அதை விரித்துவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முறுக்கைக் கடித்துவிட்டு, “எங்க அம்மா சுத்துன முறுக்குதான் எங்க தீபாவளி!” என்று சொல்ல வேண்டும்.

“எங்க அப்பா சுத்துன முறுக்குதான்...”

“கட்! அம்மா, தம்பி. அம்மா.”

“எங்க அப்பா...”

“கட்!”

மனசுக்குள் சொல்லும்போது சரியாக வந்தது. முறுக்கு நாக்கில் பட்டதும் வாயில் அப்பா வந்துவிட்டார். காரிடாரில் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் மகன், முகத்தில் பவுடர் அப்பி, தலையைப் படிய வாரிக்கொண்டு தயாராக நின்றான். டைரக்டர் அவனைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில், “நீ பேசவே வேணாம். வாயை மூடிட்டுச் சிரி, போதும்,” என்றார். வாயை மூடிக்கொண்டு எப்படிக் கடிப்பது என்று கேட்டேன். முறைத்தார்.

என் வசனம் அப்படிப் போனது. அடுத்தது அம்மா.

“அக்கா, இப்ப நீங்க முறுக்கு சுத்துறீங்க.”

“நானா?” என்றார் அம்மா.

“வேற யாரு?”

அம்மா மாவை எடுத்தார். அது முறுக்காகவும் இல்லை, கயிறாகவும் இல்லை, பாதியில் அறுந்து துணியில் விழுந்தது. இன்னொன்று சுற்றினார். அதைப் பார்த்து விளக்கு பிடித்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. செய்தித்தாளை வீசிவிட்டு வந்து, ஒரு உருண்டை மாவை எடுத்து, நின்றபடியே சுற்றினார். வட்டத்துக்குள் வட்டமாக, இழை பிசகாமல் வந்தது. டைரக்டர் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, நீங்களா சுடுறது?”

“நான்தான். வேணும்னா என்னையே எடுங்களேன். முகத்தோட.” அப்பா வெட்கத்தோடுதான் கேட்டார். ஆனால் ஆசையாகக் கேட்டார்.

“ஐயோ, அது காமெடி விளம்பரமாயிடும், அண்ணே. ஆம்பளை அடுப்புகிட்ட நின்னா முறுக்கு கருகணும். வீடெல்லாம் புகையணும். பொண்டாட்டி வந்து தலையில அடிச்சுக்கணும். அப்பதான் ஜனங்க சிரிப்பாங்க. அப்படி எடுக்கலாமா? நீங்க கருக்குங்க.”

“எனக்குக் கருக்கத் தெரியாதே, தம்பி,” என்றார் அப்பா.

டைரக்டர் அப்பாவின் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மார்க்கெட்டில் மீன் பார்ப்பதுபோல.

குளியலறையில் வைத்து அந்தக் கையை முழங்கை வரை மழித்தார்கள். சோப்பு போட்டு அம்மாவின் வளையல்களை ஏற்றினார்கள். தோளில் அம்மாவின் இன்னொரு புடவை. முகம் படத்தில் வராது, கை மட்டும்தான். அம்மா சிரித்த சிரிப்பில் கண்மை கரைந்து கன்னத்துக்கு வந்துவிட்டது. முதலில் அப்பாவும் சிரித்தார். “உங்க கை ரொம்ப அழகா இருக்கு, அண்ணே,” என்று கேமராக்காரர் சொன்ன பிறகு அவர் சிரிக்கவில்லை. வேகமாகச் சுற்றி முடித்தார்.

விளம்பரம் வந்தது. முதலில் அம்மா முகம், அடுத்தது வளையல் கை, கடைசியில் பல் தெரியாமல் சிரிக்கும் நான். வயிற்றுவலிக்காரன் போல இருந்தேன். என் வசனத்தை யாரோ ஒரு பெண் குயில் குரலில் சொன்னார். லிஃப்டில் பார்க்கிறவர்களெல்லாம் அம்மாவிடம் பக்குவம் கேட்டார்கள். “சும்மா ஒரு அளவுதான்,” என்று சொல்லிவிட்டு அம்மா சீக்கிரம் சீக்கிரமாக இறங்கிப் போவார்.

அப்பாவின் கட்டைவிரல் பக்கத்தில் ஒரு தழும்பு உண்டு, கடையில் இரும்புத் தகடு கிழித்தது. டிவியில் அது பளிச்சென்று தெரிந்தது. கடையில் கூட வேலை பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை நான் அங்கே போயிருந்தபோது, ஏணி மேல் நின்ற ஒருவர் குரல் கொடுத்தார்: “வளையல் அக்கா, அரை இஞ்சு ஆணி ஒரு பாக்கெட் எடுங்க!” கடையே சிரித்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. ஒரே படத்தில் பட்டப்பெயர் வாங்குவது லேசான காரியமா? அதன் பிறகு அப்பா அந்த வேக்காட்டிலும் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார். நடிகராகிவிட்ட பிறகு ஸ்டைல் வேண்டாமா என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் ஒன்று வாங்கித் தரச் சொல்லி அழுதேன்.

அடுத்த தீபாவளி வந்தது. அப்பா மாவு பிசைந்தார், எண்ணெயைக் காயவைத்தார். ஆனால் ஜன்னலைச் சாத்திவிட்டார். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. நான் ஒரு காலில் நிற்பதும் மறு காலுக்கு மாறுவதுமாக இருந்தேன். “திறக்கவாப்பா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். “சும்மா இருடா,” என்றார்.

அப்போது யாரோ ஜன்னலைத் தட்டினார்கள்.

“என்ன, வாசம் எட்டு வீட்டுக்கு வருது! இந்த வருசம் எங்களுக்குக் கிடையாதா?” பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் குரல்.

அப்பா சட்டென்று அடுப்பைவிட்டு விலகினார். அம்மா வேலையிலிருந்து அப்போதுதான் வந்து, கிடங்குச் சீருடையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அப்பா அவரைப் பார்த்தார். அம்மா எழுந்து வந்து, மாவுப் பாத்திரத்தில் இரண்டு கையையும் முக்கி எடுத்து, ஜன்னலைத் திறந்தார். அப்பா குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார், முழுக்கைச் சட்டையில்.

“அடடா, வேலைவிட்டு வந்த கையோட உக்காந்துட்டியா! இத்தனை வருசமா அவருதான் சுடுறாருன்னு நெனச்சோம், டிவியில பாத்துத்தான் நீன்னு தெரிஞ்சுது. உன் வீட்டுக்காரர் குடுத்து வச்சவர்தான், போ,” என்றார் ஆன்ட்டி. அம்மா சிரித்தபடி ஒரு தட்டு முறுக்கை நீட்டினார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மறுபடியும் படம் எடுக்கிறார்கள். கேமரா எங்கே என்று காரிடாரை எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. எங்காவது ஒளித்து வைத்திருப்பார்கள். இந்த முறை விடக்கூடாது. தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்து, நெஞ்சை நிமிர்த்தினேன்.

“எங்க அம்மா சுத்துன முறுக்குதான் எங்க தீபாவளி!”

ஒரு எழுத்து பிசகவில்லை. ஆன்ட்டி கை தட்டினார். நான் குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் கை தட்டவில்லை. வலது கைச் சட்டையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்குக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.