பட்டணம் காலியான சித்திரையில் என் வீட்டுக்காரர் கேட்ட பாட்டு

ஏரிக்கரை அம்மனுக்குக் கூழ் வார்க்க வந்திருக்கும் அக்கா தங்கச்சிகளே, அண்ணன்மார்களே, எனக்குக் கோர்வையாகப் பேச வராது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். இந்த அம்மன் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் இதே அயனம்பாக்கத்துக் கன்னியம்மா. என் வீட்டுக்காரர் பட்டாபிராம் ரயில் சைடிங்கில் வேகனிலிருந்து மூட்டை இறக்குகிற வேலை செய்தார். பளு தூக்கும்போது பாடுவார். பழைய பாட்டு இல்லை, அவராகவே கட்டுகிற பாட்டு. கூட வேலை செய்கிறவர்கள் அவர் பக்கத்தில் நிற்கத்தான் போட்டி போடுவார்களாம். அலுப்புத் தெரியாதாம்.

முதலில் இருமல் வந்தது. தூசு என்று நினைத்தோம். பிறகு துண்டில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் க்ஷயம் என்றார்கள். காற்றோட்டமாகப் படுக்க வை, பாலும் முட்டையும் கொடு என்றார்கள். காற்றுக்கு ஏரி இருந்தது. பாலுக்கும் முட்டைக்கும் நான் எங்கே போவேன்? சண்டையால் பர்மா அரிசி நின்றுபோன காலம். கேழ்வரகுக் கூழே பெரும்பாடாக இருந்தது.

உடம்பு இளைத்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குரல் போனதுதான் அவரைக் கொன்றது. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். பேச வேண்டுமானால் நான் அவர் வாயண்டை காதை வைக்க வேண்டும். ஊரில் ஒருத்தரும் எங்கள் வாசல் பக்கம் வருவதில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, அவரவர் வீட்டில் பிள்ளைகள் இருக்கின்றன. பகலெல்லாம் நான் களை பறிக்கப் போவேன். வந்து அவரைத் துடைத்து, துணி மாற்றி, கூழ் ஊட்டி, அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவேன். அழக்கூட அலுப்பாக இருக்கும்.

என் அண்ணன் ஏழுமலை பட்டணத்தில் ஒரு பேசும்பட ஸ்டூடியோவில் விளக்கு தூக்குகிற வேலையில் இருந்தான். மாசி மாதம் பார்க்க வந்தவன் வாசலில் நின்றபடியே பேசிக்கொண்டிருந்தான்.

"மச்சான், எங்க படத்துல ஒரு சீன் கீது. புருசன் சொல்லாம கொள்ளாம கப்பல் ஏறிப் பூட்றான். பொண்டாட்டி சோறு வடிச்சி வெச்சிகினு குந்திகினு கீறா. அதுக்கு ஒரு பாட்டு ஓணும். யார் எழுதிக் குடுத்தாலும் டைரக்டருக்குப் புடிக்க மாட்டேங்குது."

அண்ணன் வெறும் பேச்சுக்குத்தான் சொன்னான். ஆனால் அன்றைக்கு முழுக்க என் வீட்டுக்காரர் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டார். காதை வைத்தேன். ஒரு வரி சொன்னார். மூச்சு வாங்கினார். அப்புறம் இன்னொரு வரி. எனக்கு எழுதத் தெரியாது. களை பறிக்கும்போது மனதுக்குள் சொல்லிச் சொல்லி வைத்துக்கொண்டேன். ராகத்தை அவர் விரலால் என் கையில் தட்டித் தட்டிக் காட்டினார். பங்குனி பிறந்தபோது பாட்டு முடிந்திருந்தது.

சோறு ஆறிப் போகுதய்யா
சொன்ன நேரம் தாண்டிப் போச்சே
ஏரி மேல வெயிலும் சாய
எந்தக் கரையில் நிக்கிறியோ

கதவச் சாத்த மனசும் இல்லே
காத்து வந்து ஆட்டுதய்யா
ஆள் வந்ததா எழுந்து போனா
அடுப்புப் பூனை பாக்குதய்யா

இன்னும் இருக்கிறது. இதற்கு மேல் சொன்னால் என்னால் பேச முடியாது.

"இத்த எடுத்துகினு போய் அவங்களாண்ட பாடிக் காட்டு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நானா? ஆம்பளைங்க எதிர்ல நானு பாடறதா? இன்னா பேசற நீ?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் வாயால பாட முடியாது. காதாலயாவது ஒரு தபா கேக்கணும். நல்ல கொரலு பாடி நானு கேக்கணும். அப்பால பூட்டாலும் பரவால்ல."

அன்று சாயங்காலம் ஏரியில் முழுக்குப் போட்டு, ஈரத் துணியோடு இந்த அம்மன் எதிரில் வந்து நின்றேன். எல்லாரும் உயிரைக் கேட்பார்கள். எனக்கு அது தோன்றவில்லை. அவர் எலும்பை நான் தினமும் துடைத்துக்கொண்டிருந்தேன். உயிர் எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியும். "ஆத்தா, உசுரக் கேக்கல. அவரு பாட்ட அவரு காதால கேக்கணும். அத்த மட்டும் செஞ்சிடு" என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

பிறகு அலைச்சல். அம்பத்தூர் வரை நடந்து, ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து வெயிலில் ஸ்டூடியோவரை நடப்பேன். வாசலில் காவல்காரன் விடமாட்டான். அண்ணன் கெஞ்சி உள்ளே விட்டால், சங்கீத வாத்தியார் வரவில்லை என்பார்கள். வந்திருந்தால் வேலையாக இருக்கிறார் என்பார்கள். ஒரு நாள் பொழுது சாயும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன். கூலியும் போச்சு. வீட்டில் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.  என்ன ஆச்சு என்று கேட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

எத்தனையோ நடைக்கு அப்புறம் ஒருநாள் வாத்தியார், "சரி, பாடும்மா, சீக்கிரம்" என்றார். டைரக்டர் ஒரு நாற்காலியில் இருந்தார். படத்தில் அந்தப் பொண்டாட்டி வேஷம் கட்டுகிற இரத்தினம் அம்மாள் சற்றுத் தள்ளி விசிறிக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு பாடினேன். குரல் நடுங்கியது. இரண்டாவது அடியில் உடைந்தே போனது.

"இது வயக்காட்டுப் பாட்டாட்டம் இருக்கே. நம்ம கதையில அவ பெரிய வீட்டுப் பொண்ணு" என்றார் வாத்தியார்.

டைரக்டர் யோசித்தார்.  அப்போது இரத்தினம் அம்மாள் விசிறியை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"இன்னொரு தரம் பாடும்மா. யாரு கட்டினது?"

"எங்க ஊட்டுக்காரரு, அம்மா. ஒடம்பு முடியாம கீறாரு. இத்த ஒரு தபா கேக்கணுமின்னு கீறாரு."

மறுபடி பாடினேன். அவர் கூடவே மெல்ல முணுமுணுத்தார். பிறகு டைரக்டரைப் பார்த்து, "பெரிய வீடா இருந்தா என்ன, சோறு ஆறத்தானே செய்யும்? இதையே போடுங்க. நான் பாடறேன்" என்றார். டைரக்டர் தலையை ஆட்டினார். சித்திரை பிறந்ததும் அந்தக் காட்சியை எடுப்பதாகச் சொன்னார்கள். நான் உட்கார்ந்து அந்த அம்மாளுக்கு எல்லா அடியையும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "யார் பாடறாங்க? கொரலு எப்டி கீது?" என்று மாற்றி மாற்றிக் கேட்டார். படம் வருவதற்குள் எழுந்து நடந்துவிடுவேன் என்றார். நானும் நம்பினேன்.

அந்தச் சித்திரை உங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஜப்பான்காரன் கடல் வழியாக வருகிறான், பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று பட்டணமே கிளம்பியது. பூந்தமல்லி சாலை முழுக்க மாட்டு வண்டி. ரயிலில் கூரைமேல் ஆள். அண்ணன் தோளில் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"ஸ்டூடியோவப் பூட்டிட்டானுங்கோ. டைரக்டர் ஊருக்குப் பூட்டாரு. படம் அவ்ளோதாம்மே."

அவர் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு வாய்க்கு மேல் கூழும் வேண்டாம் என்றுவிட்டார்.

நான் இதையும் சொல்லிவிட வேண்டும். அம்மன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. உயிரைக் கேட்டேனா? பொன்னைக் கேட்டேனா? ஒரு பாட்டுக்குப் போய் ஒரு பட்டணத்தையே காலி பண்ணுவாளா என்று நினைத்தேன். குடத்தை எடுத்துக்கொண்டு தினமும் இந்தக் கோயிலைத் தாண்டித்தான் போவேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். விளக்கு வைக்க வருவதையும் நிறுத்திவிட்டேன்.

வேலை போன அண்ணன் அம்பத்தூர் ஸ்டேஷனில் பட்டணத்திலிருந்து வருகிறவர்களின் சாமான் தூக்கிப் பிழைத்தான். ஒரு நாள் பிளாட்பாரத்தில் டிரங்குப் பெட்டிமேல் இரத்தினம் அம்மாளும் அவருடைய அக்காவும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தானாம். தருவதாகச் சொன்ன வீட்டை வேறு யாருக்கோ விட்டுவிட்டார்கள். போக இடமில்லை. திரும்பிப் போகவும் பயம். அண்ணன் அவர்களை வண்டியேற்றி, நம் ஊர் நாட்டாண்மைக்காரர் வீட்டின் பின்கட்டில் இடம் பிடித்துக் கொடுத்தான். அன்று வேலை முடித்து வந்த நான் குடத்தோடு கிணற்றடிக்குப் போனால், அந்த அம்மாள் தண்ணீர் இறைக்கத் தெரியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "நீ அந்தப் பாட்டுக்காரம்மா இல்லே? உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

 எனக்கு அழுகைதான் வந்தது. அவர் கயிற்றை விட்டுவிட்டு, "படம் போனா போகட்டும். பாட்டு என்கிட்டதானே இருக்கு? வா, போலாம்" என்றார்.

அவருடைய அக்கா குறுக்கே வந்து நின்றார். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நெஞ்சு நோய்க்காரன் வீட்டுக்குப் போறேங்கிறியே. உன் தொண்டையை நம்பித்தான் நாம ரெண்டு பேரும் சாப்பிடறோம்."

அக்கா சொன்னதில் தப்பில்லை. நானே, "வாணாம்மா, நீங்க வராதீங்க" என்றேன்.  இரத்தினம் அம்மாளுக்கும் பயம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. "உள்ளே வரலே. வாசல்ல நின்னு பாடறேன். கட்டிலைக் கதவண்டை இழுத்துப் போடு" என்றார்.

சாயங்கால வெயில். நான் கட்டிலை இழுத்துப் போட்டேன். அவர் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். யார் வந்திருக்கிறார் என்று சொன்னபோது நம்பவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அந்த அம்மாள் எங்கள் வாசலில் நின்று பாடினார். ஆர்மோனியம் இல்லை, மிருதங்கம் இல்லை. என்ன குரல் அது! வயலில் இருந்தவர்கள் கரைமேல் ஏறி வந்து நின்றார்கள். எங்கள் வாசலையே மிதிக்காத ஜனங்கள் வேலி ஓரமாக வந்து நின்றார்கள்.

அவர் விரல் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டது. முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். காதை வைத்தேன். அவர் சொன்னதை அந்த அம்மாளிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

"என்னவாம்?" என்றார் அந்த அம்மாள்.

"'சோறு' அண்ட கொஞ்சம் நிறுத்திப் பாடணுமாம், அம்மா. அவ சட்டியத் தொட்டுப் பாக்கறாளாம்."

இரத்தினம் அம்மாள் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுத்திப் பாடினார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக் கேட்டார். அப்புறம், "கூழு கீதா?" என்று கேட்டார். முகத்தைத் திருப்பிப் படுத்த நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் வயிறாரக் குடித்தார்.

அதற்குப் பிறகு ஊர் ஜனங்கள் வேலி வரைக்குமாவது வந்து, "இன்னா அண்ணாத்தே, எப்டி கீற?" என்று கேட்பார்கள். யாராவது ஒரு முட்டையை வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆடி மாதம் அவர் போய்விட்டார். கஷ்டப்படாமல் போனார். பாடை தூக்க ஆள் வரமாட்டார்களோ என்று நான் பயந்திருந்தேன். வந்தார்கள்.

நான்கைந்து வருஷம் ஆகிவிட்டது. சண்டையும் முடிந்தது. ஸ்டூடியோவைத் திறந்து அந்தப் படத்தை எடுத்து முடித்தார்கள். ஆவடிக்கு டூரிங் டாக்கீஸில் வந்தபோது அண்ணன் என்னைக் கூட்டிப்போனான். அந்தக் காட்சி வந்தது. இரத்தினம் அம்மாள் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு மட்டும் வேறு பாட்டு, யார் மாற்றினார்களோ தெரியாது. அண்ணன் பல்லைக் கடித்தான். எனக்கு வருத்தம் இல்லை என்றால் பொய். ஆனால் நான் அம்மனிடம் படத்தைக் கேட்கவில்லை. அவர் காதால் கேட்க வேண்டும் என்றுதான் கேட்டேன். எங்களால் பட்டணத்துக்குப் போக முடியவில்லை. பாட்டைப் பாடுகிற அம்மாளை அம்மன் என் வாசலுக்கே கொண்டுவந்து விட்டாள்.

சிலர் என்னிடம் கேட்கிறார்கள், உயிரையே கேட்டிருக்கலாமே என்று. நானும் அதை நினைக்காத நாளில்லை. அன்று எனக்குக் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான். இப்போதும் வயலுக்குப் போகிறேன், உடம்பு அலுத்துத்தான் வருகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் இங்கே விளக்கு வைக்கிறேன். நோய் கண்ட வீடு என்றால் நான் விலகிப் போவதில்லை. வாசலில் நின்றாவது குரல் கொடுக்கிறேன்.

உங்களில் யாராவது வீட்டில் நோயாளியை விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். எனக்குத் தெரியும், முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. உங்களுக்குக் கேட்கத் தெரிந்ததை அவளிடம் கேளுங்கள். சின்னதாக இருந்தாலும் கேளுங்கள். கோபம் வந்தால் கோபப்படுங்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு நான் முகத்தைத் திருப்பிப் போன அந்த நாட்களிலும் அவள் எனக்காக வண்டி பூட்டிக்கொண்டுதான் இருந்தாள்.