பச்சைக்குக் கைதட்டியவர்கள்

மட்டாஞ்சேரியில் நான் டெக்னீஷியனாக வேலை பார்த்த மருத்துவமனையில், கதிர்வீச்சு இயந்திரத்துக்குப் புதிய மென்பொருள் வந்த அன்று விருந்தினரை அழைத்து நிலவிளக்கு ஏற்றினார்கள். இயந்திரத்துக்குக் குங்குமம் வேண்டாம் என்று கம்பெனி இன்ஜினியர் கெஞ்சியதால், கம்ப்யூட்டர் திரைக்கு வைத்தார்கள்.

நோயாளியைக் கட்டிலில் படுக்கவைத்து ஸ்கேன் எடுப்போம். சிகிச்சையைத் திட்டமிட்டபோது எடுத்த ஸ்கேனோடு மென்பொருள் அதைப் பொருத்திப் பார்த்து, கட்டில் எவ்வளவு நகர வேண்டும் என்று சொல்லும். பொருந்தினால் திரையில் பச்சை. முன்பு இதைக் கண்ணால் பார்த்துச் செய்தோம். அதில் விருந்தினருக்குக் காட்ட ஒன்றுமில்லை.

அன்றைய நோயாளி முத்தம்மா அக்கா, நகராட்சித் துப்புரவுப் பணியில் ஓய்வு பெற்றவர். மார்புப் பகுதியின் பத்தாவது முள்ளெலும்பில் கட்டி. மல்லாந்து படுப்பதே அவருக்குப் பெரும்பாடு.

கண்ட்ரோல் ரூம் நிறைய விருந்தினர்கள். பொத்தானை அழுத்தினேன். உடனே பச்சை. கைதட்டினார்கள்.

கட்டில் மூன்று சென்டிமீட்டர் நகர வேண்டும் என்றது திரை. முந்தைய நாட்களில் சில மில்லிமீட்டர்தான் நகர்ந்தது.

டைரக்டர் பாலக்காட்டுக்காரர். "லதா, பச்சை வந்துடுத்தே. இன்னும் என்னத்த நோக்கிண்டிருக்கே? பீமைப் போடு."

"கட்டிலை ரொம்ப நகத்தச் சொல்றது சார்."

"சொன்னா நகத்தேன்! அதுக்குத்தானே வாங்கியிருக்கோம்?"

இன்டர்காமில் அக்காவின் குரல் வந்தது. "மோளே, கைதட்டினாங்களே, முடிஞ்சுதா?"

"இன்னும் தொடங்கவே இல்லக்கா."

"பின்னே எதுக்குத் தட்டினாங்க?"



படத்தைப் பெரிதாக்கினேன். கடைசி விலா எலும்பு பன்னிரண்டாவது முள்ளெலும்பில் சேரும். அங்கிருந்து மேலே எண்ணினால், மென்பொருள் பிடித்திருந்தது பதினொன்றை. முள்ளெலும்புகள் அண்ணன் தம்பி போல ஒரே ஜாடை. மென்பொருள் ஒரு கட்டத்துக்குள் இருப்பதை மட்டுமே பொருத்திப் பார்க்கும்; அந்தக் கட்டம் பெரிதாக இருந்தால் விலா எலும்புகளும் உள்ளே வரும், குழப்பம் வராது. காட்சி வேகமாக முடிய வேண்டும் என்று இன்ஜினியர் அதை ஓர் எலும்பின் அளவுக்குச் சுருக்கியிருந்தார். அப்படியே பீமைப் போட்டிருந்தால் கட்டி கதிருக்குத் தப்பியிருக்கும். நல்ல எலும்பு வாங்கியிருக்கும்.

கட்டத்தை விரித்து மறுபடி பொருத்தினேன். இரண்டே மில்லிமீட்டர். மறுபடி பச்சை. இம்முறை யாரும் கைதட்டவில்லை.

டைரக்டர் விருந்தினர் பக்கம் திரும்பினார். "இது எங்க சேஃப்டி ஃபீச்சராக்கும்."

அந்த ஃபீச்சர் இன்னும் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கவில்லை.

புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இரண்டு படங்களும் ஒத்திருக்கின்றன என்பதைத் தவிர பச்சைக்கு வேறொன்றும் தெரியாது. எது எந்த எலும்பு என்று நீங்கள்தான் எண்ண வேண்டும்.

விருந்தினர்கள் சாயா குடிக்கப் போனபின், பீமைப் போட்டு முடித்து, அக்காவைக் கட்டிலிலிருந்து இறக்கினேன்.

"இப்போ முடிஞ்சுதுல்ல? ஒருத்தரும் தட்டலியே, மோளே?"

நான் தட்டினேன்.