நகராத ரோலர் கோஸ்டர்

பூங்காவின் கதவு திறக்குமுன்பே ஸ்பேனர் அக்கா ரோலர் கோஸ்டரின் கால்களைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொரு இரும்புக் காலிலும் ஸ்பேனரால் ஒரு ‘ணங்’. காதைச் சாய்த்துக் கேட்பார். தண்டவாளம் வளைந்து சரியும் இடத்தில் ஏறி நின்று போல்ட்டுகளை முறுக்கிப் பார்ப்பார். எதுவும் தளர்ந்திருக்காது. அதில்தான் அவருக்குக் கோபம்.

“கொஞ்சமாச்சும் ஆடேண்டி. அப்படியே வேர் விட்டுட்டியா?” என்று அதையே திட்டுவார்.

ஏதோ ஒரு தொழிற்சாலை ஒரே அச்சில் செய்து ஊரெல்லாம் விற்ற ராட்டினங்களில் இதுவும் ஒன்று. பிரித்தால் லாரிகளில் அடங்கிவிடும். பூட்டினால் மைதானத்தையே அடைத்துக்கொள்ளும். கண்காட்சிக்குக் கண்காட்சி ஊர் மாறியது. பூட்டுவதும் பிரிப்பதும் அக்கா, லாரி டிரைவர் அவர் வீட்டுக்காரர். மகளுக்குப் பல் முளைத்தது ஓர் ஊரில், விழுந்தது இன்னோர் ஊரில், அவளைக் கட்டிக்கொடுத்தது வேறோர் ஊரில்.

பிறகு டிரைவருக்கு முதுகு போனது. அதே சமயம் முதலாளியும் ராட்டினத்தை இந்தப் பூங்காவுக்கு விற்றுவிட்டார். பூங்காக்காரர்கள் அதன் காலடியில் கான்கிரீட் கொட்டினார்கள். இருவருக்கும் நிரந்தர வேலையும் பின்பக்கம் ஓர் அறையும் கிடைத்தன. டிரைவர் இப்போது வாசலில் டிக்கெட் கிழிக்கிறார். ஜன்னலில் தொட்டிச்செடி வைத்து, அது துளிர் விட்டதைப் போவோர் வருவோருக்கெல்லாம் காட்டுகிறார். அக்காவுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. துணிமணி இன்னும் பையில்தான். அலமாரியில் ஸ்பேனர்களை அடுக்கியிருக்கிறார். சாலையில் லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டால் போதும், சோற்றுக் கையோடு வாசலுக்குப் போய்விடுவார்.

“என்ன லோடோ, எங்க போகுதோ!”

“எங்கயோ போகட்டும். நீ வந்து சாப்பிடு” என்பார் டிரைவர்.

போன வாரம் பழைய முதலாளி போன் செய்தார். இதே மாடலில் இன்னொன்று வாங்கியிருக்கிறாராம். “நீ வந்து நின்னாத்தான் எனக்குத் தெம்பு. கிளம்பி வாம்மா.”

அக்காவின் முகத்தில் விளக்கு எரிந்தது. டிரைவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சாக்கில் திரும்பிக்கொண்டார்.

“போயிட்டு வாயேன். நான் சமாளிச்சுக்கறேன்.”

“குனிஞ்சு செருப்பு மாட்டவே என்னைக் கூப்பிடுறீங்க. என்னத்தச் சமாளிப்பீங்க?” என்றவர், போனில், “இல்ல முதலாளி, எங்க வீட்டு வண்டி இப்போ ஓடாது. வேற ஆளைப் பாருங்க” என்று வைத்துவிட்டார்.

அன்று முழுவதும் அவர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. எண்ணெய் போட்ட சங்கிலிக்கே மறுபடி எண்ணெய் போட்டார். யார் பேச்சுக் கொடுத்தாலும் எரிந்து விழுந்தார்.

மாலையில் டிரைவர் அறைக்குத் திரும்பியபோது, அக்கா மூச்சிரைக்கக் கட்டிலை இழுத்துக்கொண்டிருந்தார்.

“என்ன பண்ற?”

“ஊரைத்தான் மாத்த முடியல. கட்டிலையாச்சும் மாத்துறேன்.”

இழுத்து உதவ டிரைவரின் முதுகு இடம் கொடுக்காது. தலையணைகள் இரண்டையும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். கட்டில் நகர வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்று கேட்டார்:

“இந்த ஊர்ல தலை எந்தப் பக்கம்?”