வைக்கும்போது எதைப் பார்த்தாய்?

கஹவத்தைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பதினான்கு வயதில் தாயை இழந்து, அன்று முதல் கொழுந்துக் கூடையையும் என்னையும் சேர்த்துச் சுமந்த என் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது.

எந்தப் பொருளை வைத்தாலும் அக்கா பேச்சை நிறுத்திவிட்டு அதையே ஒரு நொடி பார்ப்பார். "வெச்சிட்டுச் சாமி கும்பிடுறியா?" என்று அப்பா கேலி செய்வார். அந்தக் கேலி ஒரு காலையோடு நின்றது.

அன்று இரத்தினபுரியில் அப்பாவின் பிரஜாவுரிமை விசாரணை. இந்த மண்ணில் பிறந்தவர் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி பிறப்புச் சாட்சிப் பத்திரம். அது இல்லாவிட்டால் இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். முதல் நாள் அதை டிரங்குப் பெட்டியில் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார்கள். எனக்குப் பத்து வயது. பெட்டியில் பத்திரம் இல்லை. பஸ் வர அரைமணி நேரம்கூட இல்லை. அப்பா பெட்டியைக் கவிழ்த்தார். என் முதுகில் இரண்டு அடி விழுந்தது.

அக்கா குறுக்கே வந்து நின்றார். "அடிக்காதீங்கப்பா. பயந்துட்டா இருக்கிற ஞாபகமும் போயிரும்."

பிறகு என்னிடம் கேட்டார்: "எங்க வெச்சேன்னு கேக்கல. வெக்கும்போது என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்த?"

"தண்ணி புடிக்கிற பீலியில சண்டைக்கா. குடத்தால அடிச்சிக்கிட்டாங்க."

"எங்க நின்னு பாத்த?"

"ஜன்னல்ல. எட்டலன்னு அரிசிப் பெட்டி மேல ஏறுனேன்."

"இப்பவும் ஏறு."

ஏறினேன். ஜன்னல் கம்பியைப் பிடிக்கக் கையைக் காலியாக்க வேண்டும் என்று தோன்றியதும், என் வலது கை தானாக ஜன்னலோரம் மாட்டியிருந்த முருகன் படத்துக்குப் பின்னால் போனது. பத்திரம் அங்கே இருந்தது. அப்பா ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு வாசலிலேயே கிடந்தது. அவர் கடைசிவரை இந்த மண்ணிலேயே வாழ்ந்தார்.

அக்காவின் கடைசி நாட்கள் ஆஸ்பத்திரியில் கழிந்தன. ஆப்பரேஷனுக்குக் கொண்டுபோகும் முன் காதுத் தோட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "பாத்து வைம்மா" என்றார். அவர் உயிரோடு திரும்பவில்லை. தோட்டை எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஓராண்டாக என்மீதே எனக்குக் கோபம்.

போன வாரம்தான் அக்காவின் கேள்வியை என்னிடமே கேட்டேன். அப்போது நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? தள்ளுவண்டியில் போன அவர் முகத்தை. நெற்றியில் கலைந்திருந்த திருநீறுகூட இன்றும் நினைவிருக்கிறது. தோடு கிடைக்கவில்லை; என்மீதிருந்த கோபம் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கடியில் குனிந்து தேடிய சிங்களப் பணிப்பெண்ணுக்கும், சேலை மடிப்பையெல்லாம் உதறிப் பார்த்த சித்திக்கும், கிரியைகளில் தோள்கொடுத்த லயத்து உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தோட்டை இனி யாரும் தேட வேண்டாம்.