பெட்டிக்கு வெளியே ஓர் எண்

கருவடிக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் அவர் கணவரும் வைத்திக்குப்பத்தில் படகு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார்கள். சரக்கைக் கணினியில் ஏற்றியவர் அக்கா. அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்த பெயரிலேயே ஏற்றியதால், மீன்பிடிக்கிறவர்கள் தங்கள் பேச்சு வழக்கில் கேட்கும் பெயரைத் தட்டினால் எதுவும் வராது. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் வேலை செய்கிற என்னிடம், இதற்கு ஒரு வழி பண்ண முடியுமா என்று கேட்டார்.

இலவசத் தேடுபொறி ஒன்று கிடைத்தது. வேண்டியதையெல்லாம் தன்னோடு வைத்துக்கொண்டு, கன்டெய்னர் என்ற மூடிய மென்பொருள் பெட்டிக்குள் அது ஓடும். கடையின் லினக்ஸ் கணினி அந்தப் பெட்டியைத் தாங்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை, அக்காவின் கணவரான அண்ணன் ஜும்மா தொழுகைக்குப் போன நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம்.

தேடுபொறி எழுந்தது, உடனே விழுந்தது. பெட்டிக்குள் இருந்த அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றினேன். மறுபடியும் விழுந்தது. விழும் முன் அது எழுதிவிட்டுப் போனதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு நிரல் நினைவகத்தை எத்தனை துண்டாகப் பிடித்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அது போதவில்லை, 262144 வேண்டும் என்றிருந்தது. படிக்கும்போதே எனக்கு உறைத்தது. அந்த வரம்பு பெட்டிக்குள் இல்லை, கடைக் கணினியில் இருக்கிறது. இவ்வளவு நேரம் தவறான இடத்தில் தேடியிருக்கிறேன்.

"அது இன்னா அப்படி ஒரு கணக்கு? மூணு லட்சம்னு முழுசா கேக்கக் கூடாதா?" என்றார் அக்கா.

தெரியவில்லை என்றேன். அவர் கால்குலேட்டரை எடுத்து ஏதேதோ வகுத்துப் பார்த்தார். பிறகு இரண்டை இரட்டிப்பாக்கத் தொடங்கினார். நாலு, எட்டு, பதினாறு என்று உதடு அசைந்துகொண்டே போனது. திடீரென்று திரையை என் பக்கம் திருப்பினார். அதே எண். எத்தனையோ முறை பார்த்த எண்தான். ஒரு நாளும் எனக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை.

வரம்பை உயர்த்தினேன். தேடுபொறி விழாமல் நின்றது. கரண்ட் போய் வந்ததும் மறுபடி விழுந்தது. கணினி அணைந்ததில் நான் சொன்னதை மறந்துவிட்டிருந்தது. ஒவ்வொரு முறை எழும்போதும் கணினி படிக்கிற கோப்பில் அந்த எண்ணை எழுதி, வேண்டுமென்றே அணைத்துப் போட்டுப் பார்த்தோம். இந்த முறை விழவில்லை. அக்கா சொல்லச் சொல்ல, வழக்குப் பெயர்களைச் சேர்த்தேன்.

அண்ணன் வந்து ஷட்டரைத் தூக்கியதும் ஒருவர் காத்தாடி கேட்டு வந்தார். அக்கா தட்டினார், ப்ரொப்பெல்லர் இருக்கிற அலமாரி வரை திரையில் வந்தது. எடுத்துக் கொடுக்கும் வேலையை அண்ணனிடம் விட்டுவிட்டு, அவர் வேண்டுமென்றே ஓர் எழுத்தை விட்டு, 'காதாடி' என்று அடித்தார். ஒன்றும் வரவில்லை.

"தப்பா அடிச்சாலும் புரிஞ்சிக்கிற மாதிரி பண்ண முடியுமா?"

"முடியும்க்கா" என்று நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டேன்.