ஓடைக்குள் நின்ற வீடு

வக்கீல் வைக்காமல் நானே வாதாட இறங்கியதற்குத் துணிச்சல் காரணமில்லை. எழுதுகிறவன் என்ற திமிர். வெயிலையும் காற்றையும் எழுதிப் பழகிய கைக்கு ஒரு பிராது எம்மாத்திரம்! கல்லங்குறிச்சிப் பக்கம் இருக்கிற என் மக்காச்சோளக் காட்டுக்கு ஒரே வண்டிப்பாதை. பெரியப்பா மகன் நிலத்தின் வடக்கு ஓரமாகப் போவது. அதை அந்த அண்ணன் முள்போட்டு அடைத்துவிட்டார். பாதை இல்லையென்றால் அறுப்பு மெஷின் வராது. விளைந்தது காட்டிலேயே கிடக்கும். அவ்வளவுதான் வழக்கு.

பிராதில் என் வரிகள் நடந்தன, சில இடங்களில் பறந்தன. நான்கெல்லை எழுதும் இடத்தில் குப்புற விழுந்தேன். பழைய பத்திரங்களில் எல்லை சொல்கிறவர் பக்கத்து நிலத்தில் நின்றுகொண்டு நம் நிலத்தைப் பார்ப்பார். ‘ஓடைக்கு மேற்கு’ என்றால் ஓடைக்கு மேற்கே என் காடு. எனக்கு ஓடை கிழக்கே. நானோ என் காட்டு நடுவில் நின்றுகொண்டு, மேற்கே ஓடை, கிழக்கே அண்ணன் நிலமும் வீடும் என்று எழுதிவிட்டேன்.

இடத்தைப் பார்க்க கோர்ட் அனுப்பிய கமிஷனர், ஓர் இளம் வக்கீல், பிராதைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே இரண்டு முறை சுற்றினார்.

“சார், நீங்க எழுதினபடி பாத்தா உங்க பாதை நேரா ஓடைக்குள்ள எறங்குது. படகு வச்சிருக்கீங்களா?”

வரப்பில் உட்கார்ந்திருந்த அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். “கவித எழுதுற கையில்ல! ஓடையே பயந்து எடம் மாறிக்கும்.”

திருத்த மனுவும் நானே போட்டேன். அரியலூர் கோர்ட்டில் அண்ணனின் வக்கீல் எழுந்தார். எல்லையைத் திருத்தினால் வழக்கே வேறாகிவிடும், அனுமதிக்கக் கூடாது என்றார். மனு தள்ளுபடியானால் பாதை ஓடையோடு போச்சு.

நீதிபதி அண்ணன் தரப்புப் பதிலுரையைப் புரட்டினார்.

“பிராதுல சொன்ன நான்கெல்லை சரி, பாதைதான் கிடையாதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டிருக்கீங்களே. அப்போ உங்க கட்சிக்காரர் வீடு ஓடைக்குள்ளயா இருக்கு?”

வக்கீல் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். ஆட்சேபணை வாபஸ், என் திருத்தத்துக்கு அனுமதி. அவர்களும் பதிலுரையைத் திருத்த வேண்டியதாயிற்று.

ஊருக்கு ஒரே பஸ். சிமெண்ட் லாரிகளின் வெள்ளைப் புழுதி ஜன்னல் வழியே வந்து இருவர் மீசையையும் ஒரே வயதாக்கியது. அண்ணன் என் பக்கத்து சீட்டில்தான்.

“ஒன்னால எனக்கும் ஒரு மனு. நெலத்து எல்லைய ஒழுங்கா எழுதிட்டு வாங்கன்னுட்டாரு வக்கீலு. நீயே எழுதிக் குடுடா. அடிபட்டவனுக்குத்தான் தெச தெரியும்.”

மனு நகலின் பின்பக்கத்தில் எழுதினேன். இந்த முறை சரியாக, பக்கத்து நிலத்தில் நின்று பார்த்து. முதல் வரி: ‘வண்டிப்பாதைக்குத் தெற்கு.’

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். “பலே ஆளுடா தம்பி நீ. பஸ்ஸுலயே தீர்ப்பு வாங்கப் பாக்குற.”

என் பேனாவைப் பிடுங்கி ‘வண்டி’யை மட்டும் அடித்தார். பாதையை விட்டுவைத்தார்.

“நடந்து போய்க்க. மெஷினு கத வேற.”

மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். முள் ஓர் ஆள் அகலத்துக்கு விலகியிருந்தது.