பச்சைக்குக் கீழே கறுப்பு

அந்தக் காரை எனக்கு விற்ற மனிதர் அதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதுதான் முதல் உறுத்தல். மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு, ஏலம் வாங்கி விற்கும் முஸ்லிம் முதலாளி அவர். ஒரு கைப்பிடி மிளகைக்கூட அதன் பெருமை பேசாமல் தராசில் போட மாட்டார். அவருடைய ஸ்டோருக்குப் பின்னால் பலா மரத்தடியில் அந்தப் பழைய ஏ-ஃபோர்ட்டி கார் பல வருஷமாகக் கிடந்தது. பச்சை நிறம். சக்கரங்கள் பாதி மண்ணுக்குள். மட்கார்டில் கை வைத்தால் துரு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. நான் தயங்கித் தயங்கிக் கேட்டதும் அவர் பேரம் பேச உட்காரவே இல்லை. உள்ளே போய் காரின் பதிவுப் புத்தகமான கார் புக்கை எடுத்து வந்து கையில் கொடுத்தார். அதில் ஒரு சிங்களப் பெயர் இருந்தது. தன்னுடைய வாப்பா வாங்கிய கார், பெயர் மாற்றாமலே விட்டுவிட்டார்கள் என்று சொன்னார்.

"எடுக்கிறதுன்டா இந்தக் கிழமையே எடுங்க தம்பி" என்றார்.

அது 2006. இயக்கத்துக்கும் ராணுவத்துக்கும் சண்டை திரும்பவும் தொடங்கியிருந்தது. நான் தபால் கந்தோரில் பார்சல் வாங்கும் இடத்தில் இருந்தேன். குண்டு இருக்குமோ என்று பொதியைத் தூக்கிப் பார்த்து, அசைத்துப் பார்த்து, கொண்டு வந்தவரின் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்துவேன். தமிழன் என்பதால் மேலதிகாரி என்னைப் பார்ப்பார். நான் வரிசையில் நிற்பவர்களைப் பார்ப்பேன். எட்டு மணி நேரம் அப்படியே இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அந்தப் பார்வையைக் கழற்றி வைக்க முடியாது.

காரில் எனக்கு ஆசை வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நான் எல்கடுவப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். தோட்டத்துத் துரையின் கார் வந்தால் ரோட்டை விட்டுக் கீழே இறங்கி நிற்க வேண்டும். அதுவும் இதே ரகம்தான். என் அப்பா அதைப் பதினைந்து வருஷம் கழுவித் துடைத்தார். ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. அப்படி ஒரு காரை ஒவ்வோர் ஆணியாகக் கழற்றிப் பார்த்துவிட்டு, திரும்பப் பூட்டி, அதில் உட்கார வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் வேலை எதுவும் தெரியாது. கண்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில் அகப்பட்ட கிழிந்த கைநூல் ஒன்றுதான் என் வாத்தியார்.

டிராக்டர் பெட்டியில் ஏற்றி ரத்தோட்டை ரோட்டில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். வழியில் சோதனைச் சாவடியில் இறக்கச் சொல்லாத குறையாகப் பார்த்தார்கள். ஒரு பொலிஸ்காரர் என் அடையாள அட்டை இலக்கத்தை நோட்டில் எழுதிக்கொண்டார். வீட்டில் காரை இறக்கித் தள்ளியபோது கை கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், சிங்களவர். என்னை எப்போதும் "மல்லி", தம்பி, என்றுதான் கூப்பிடுவார். அவருடைய மனைவி எங்கள் வேலியில் இருந்த இடைவெளி வழியாக வந்து எங்கள் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளுவார். ஏழு வருஷப் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களிலும் வேலை செய்தேன். சீட்டுகளைக் கழற்றினேன். தரைத் தகரம் பல இடங்களில் சல்லடையாக இருந்தது; ஓட்டையை வெட்டி எடுத்து, எண்ணெய்ப் பீப்பாய்த் தகரத்தில் ஒட்டுத்துண்டுகள் வெட்டினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனிகள் மரத்துப் போயின. கதவைத் தேய்த்தபோது பச்சை போய்க் கறுப்பு வந்தது. பழைய காருக்கு இரண்டு பெயின்ட் இருப்பது பெரிய விஷயமா என்று விட்டுவிட்டேன். ஆனால் பச்சை, கதவு ரப்பரின் மேலும் கண்ணாடி ஓரத்திலும் பூசப்பட்டிருந்தது. பிரஷால் அடித்த பெயின்ட். ஸ்டோர் கதவுக்கு அடிப்பார்களே, அது மாதிரி. அவசரத்தில் அடித்தது.

பிறகு பின் சீட்டைப் பிரித்தேன். பஞ்சுக்குள் பரந்த பழுப்புக் கறை. என் மனைவி தேநீர் கொண்டு வந்தவள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். சீட்டு ஸ்பிரிங்கின் துரு தண்ணீரோடு ஊறியது என்று சொன்னேன். எனக்கே அது நிச்சயமில்லை. எண்பத்தொன்பதில், சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சியை அடக்கிய நாட்களில், இந்த ரோட்டில் நம்பர் இல்லாத வண்டிகள் ஓடியதை நாங்கள் இரண்டு பேருமே பார்த்திருக்கிறோம். அதில் ஏற்றப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை.

அடுத்த வாரம், பானட்டைத் திறந்து உள்ளே இருந்த சிறிய பித்தளைத் தகட்டைச் சுரண்டித் துடைத்தேன். கார் புக்கில் இருந்த சேஸி இலக்கமும் தகட்டில் இருந்த இலக்கமும் வேறு வேறு. ஒன்றிரண்டு எண் பிசகல்ல, முழுக்கவே வேறு. இது புக்கில் இருக்கும் கார் இல்லை.

முதலாளியிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் கொடுத்த அவசரம் எனக்கு இப்போது வேறு மாதிரி விளங்கியது. சோதனைகள் கூடிய நேரத்தில் ஆபத்தான சாமான் ஒன்றை ஒரு தமிழன் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு செய்தேன். மனைவி, காரைத் தூக்கி எங்கேயாவது போட்டுவிடச் சொன்னாள். கார் என்ன வாழைப்பழத் தோலா, எங்கே போடுவது? கறுப்புப் பொலித்தீன் வாங்கி முழுக்க மூடினேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலியருகே வந்து, வேலை எந்த அளவில் இருக்கிறது, ஏன் மூடி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். மழைக்கு என்றேன். அது மழையே இல்லாத மாதம். அவர் பொலித்தீனைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் எப்போது வெளியே வருகிறார், யாரோடு பேசுகிறார் என்று கவனிக்கத் தொடங்கினேன்.

மூடி வைத்தேனே தவிர வேலையை விடவில்லை. கைக்குப் பழக்கமாகிவிட்டது. வெளி வேலையை நிறுத்திவிட்டு, வயர் வேலையை வீட்டுக்குள் எடுத்து வந்தேன். முன் அறையில் பாய் விரித்து, பழைய வயர்களைப் பரப்பி, அதே நீளத்துக்குப் புது வயர் வெட்டினேன். மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் சின்னக் கடதாசித் துண்டு ஒட்டி எழுதினேன்: இ.வி.1, இ.வி.2, வ.வி.1. இடது விளக்கு, வலது விளக்கு. பக்கத்தில் ஒரு பற்றரி. காரின் முன்பலகையில் இருந்து கழற்றிய சிறிய மணிக்கூடு.

ஒரு ஞாயிறு காலை, நான் அந்தப் பாயின் நடுவில் உட்கார்ந்திருந்தபோது ஜீப் வந்தது. ஐந்து பேர். முன்னால் வந்தவர் வாசலைத் தாண்டியதும் ஒரு அடி பின்னால் போனார். அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று எனக்கு உடனே விளங்கியது. வயர், பற்றரி, மணிக்கூடு, தமிழ் எழுத்து. கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். என் மனைவி குசினி வாசலில் நின்றாள். அழவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

பொலிஸ் நிலையத்தில் அன்றும் மறுநாள் மாலை வரையும் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. ஆனால் ஒரே கேள்வியை மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டார்கள். இ.வி. என்றால் யார்? விளக்கு என்று சொன்னேன். யாருடைய இயக்கப் பெயர் விளக்கு? நான் கைநூலைப் படத்தோடு காட்டி ஒவ்வொரு வயரும் எங்கே போகும் என்று சொல்லிக்கொண்டே போனேன். இன்ஸ்பெக்டர் பொறுமையானவர். வயரை நம்பிவிட்டார் என்று நினைத்த நேரத்தில், காரைப் பார்க்கப் போன ஆள் சேஸி இலக்கத்தோடு திரும்பி வந்தார். எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. கடைசியில் முதலாளியைக் கூட்டி வந்தார்கள்.

அவர் இன்ஸ்பெக்டரிடம் சிங்களத்தில் நீண்ட நேரம் பேசினார். பிறகு எங்கள் இருவரையும் ஒரே மர வாங்கில் உட்கார வைத்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர்தான் பேசினார்.

"தம்பி, இது வாப்பாட கூட்டாளி ஒராள்ட கார். டவுன்ல துணிக்கடை வெச்சிருந்த தமிழ் ஆள். எண்பத்து மூணு கலவரத்துல கடையை எரிச்சாங்க. அடுத்தது வீடுதான்டு தெரிஞ்சு, காரை வாப்பா எங்கட ஸ்டோருக்குள்ள ஓட்டிட்டு வந்துட்டாரு. கறுப்புக் கார், டவுனுக்கே தெரியும். இதே ஜாதியில ஒரு பச்சைக் கார் அக்சிடன்ட்ல ஒடைஞ்சு கெடந்திச்சு. அதுட புக்கையும் நம்பரையும் வாங்கி இதுக்குப் போட்டு, ஒரே நாள்ல பச்சையும் பூசினாரு. அந்த மனிசன் குடும்பத்தோட திருச்சிக்குப் போயிட்டாரு. திரும்ப வரல்ல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வாங்குவீங்களா? வாப்பா செஞ்சது நல்ல காரியம். ஆனா சட்டத்துக்குக் கள்ள நம்பர்தானே. அது என்ட வளவுல கெடந்தா எனக்கு நித்திரை இல்ல. தமிழ் ஆள்ட கார், தமிழ் ஆளுக்கே போகட்டும்ன்டும் நினைச்சேன்."

கடைசியில் சொன்னதை நான் பாதிதான் நம்பினேன். இப்போதும் பாதிதான்.

என்னை விட்டார்கள், காரை விடவில்லை. வழக்கு நீதிமன்றம் போனது. துணிக்கடைக்காரர் போன புதிதில், காரை நண்பரே வைத்துக்கொள்ளட்டும் என்று எழுதிய கடிதம் ஒன்றை முதலாளி இரும்புப் பெட்டியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். அவருக்கு அது பாதுகாப்பில்லை. வாப்பா செய்ததை ஒப்புக்கொள்வதுதான். ஆனாலும் கொடுத்தார். ஒன்றரை வருஷம் இழுத்தது. அதுவரை கார் பொலிஸ் நிலைய முற்றத்தில், மோதி நசுங்கிய வான்களுக்கு நடுவில் மழையில் நின்றது. திரும்பக் கிடைத்தபோது நான் வைத்த ஒட்டுகள் எல்லாம் துருப்பிடித்திருந்தன. வயர்களைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள். கடதாசித் துண்டு ஒன்றுகூட இல்லை.

இந்தக் காலம் முழுக்க நான் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசவில்லை. காட்டிக் கொடுத்தது அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விடுதலையாகி வந்த மறுநாளே வேலி இடைவெளியை முள்ளுக்கம்பியால் அடைத்தேன். அவருடைய மனைவி வாளியோடு ரோட்டைச் சுற்றி, பள்ளத்தில் இருந்த பொதுத் தண்ணீர்ப் பீலிக்குப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்காததே குற்றத்துக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டேன்.

கார் வந்து சேர்ந்து, நான் மறுபடியும் கதவைத் தேய்க்கத் தொடங்கிய ஒரு பகலில், மனைவி படியில் வந்து உட்கார்ந்தாள்.

"பொலிஸ்காரங்க வந்தது என்னாலதாங்க" என்றாள்.

அந்தக் கறையைப் பார்த்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லையாம். இலக்கம் பிசகு என்றதும் கிராம சேவகரிடம் போய், தப்பான நம்பரோடு ஒரு கார் வீட்டில் இருந்தால் புருஷனுக்கு ஏதும் வருமா, யாரிடம் சொன்னால் நல்லது என்று கேட்டிருக்கிறாள். அவர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் ஜீப் வந்தது.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க பக்கத்து வீட்டுக்காரரத்தான் நெனச்சீங்க. எனக்கு அது வசதியா இருந்துச்சு" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதை அவள்மேல் போட முடியவில்லை. நானும் முதலாளியிடம் போய்க் கேட்கப் பயந்தவன்தான். அவள் யாரிடமாவது கேட்டாள். கேட்ட இடம் பிழை, அவ்வளவுதான். அன்று மாலையே குறடு எடுத்துப் போய் முள்ளுக்கம்பியைக் கழற்றினேன். கை இரண்டு இடத்தில் கிழிந்தது. பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் வாசலில் போய் நின்று, இரண்டு வருஷமாக அவரை என்ன நினைத்தேன் என்பதைச் சிங்களத்தில் சொன்னேன். மன்னிப்புக் கேட்க என்னிடம் இருந்த சிங்களம் போதவில்லை. தபால் கந்தோர் சிங்களம் அது.

அவர் மெதுவாகச் சொன்னார்: "மல்லி, அன்னைக்கு ஜீப் முதல்ல வந்தது என் வாசலுக்கு. நீ எப்படிப்பட்ட ஆள்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன். ஏழு வருஷமா உன் கிணத்துத் தண்ணியில சோறு தின்னவன். தெரியாதுன்னு சொன்னேன். நீ கம்பி அடிச்சப்போ, நான் அப்படிச் சொன்னது உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்."

தின்ன மறந்து ஆறிப்போன மரவள்ளிக் கிழங்கை அவருடைய மனைவி சூடாக்கிக் கொண்டு வந்து வைத்தார். சாப்பிட்டோம். அடுத்த நாள் அந்த அம்மா வாளியோடு கிணற்றுக்கு வந்தார். ஆனால் முன்பு மாதிரி குசினிக்குள் எட்டிப் பார்த்து என் மனைவியோடு கதைக்கவில்லை. அள்ளிக்கொண்டு போய்விட்டார். அது சரியாவதற்கு இன்னும் சில காலம் எடுத்தது.

யுத்தம் முடிந்த வருஷத்தில் கார் ஓடியது. பச்சையை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்பே அடித்தேன். புது புக் கிடைத்தது, சரியான இலக்கத்தோடு. எனக்கு ஓட்டுவதில் தைரியம் போதாது என்பதால் பக்கத்து வீட்டுக்காரர்தான் ஸ்டியரிங் பிடித்தார். பஸ் ஓட்டுவது போலவே ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்தார். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, டவுனுக்குள் போய் முதலாளியின் ஸ்டோர் வாசலில் நிறுத்தினோம்.

சத்தம் கேட்டு அவர் வெளியே வந்தார். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு அந்தக் காரை அதன் சொந்த நிறத்தில் பார்க்கிறார். ஏதாவது சொல்வார் என்று கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். அவர் முதலில் தெருவின் மேல் பக்கத்தைப் பார்த்தார். பிறகு கீழ்ப் பக்கத்தைப் பார்த்தார். எதிர்க் கடை வாசலில் நின்ற இரண்டு பேரைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் காரைப் பார்த்தார்.